பழைய பொருள்களைக் கொண்டு வயல் வீடு

செம்பரம்பாக்கம், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகியபின் காயலான் கடைகளும் பெருகிவிட்டன. பேக்கிங் பலகை, பீப்பாய், இடித்த வீட்டுச் செங்கல், கதவு, ஜன்னல் எல்லாம் மலிவாகக் கிடைக்கின்றன. மின் கம்பி எட்டாத வயலில் சிறு வீடு கட்ட எண்ணும் விவசாயிகள் இவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் எதை எடுப்பது, எதை விடுவது என்று அறிந்து வாங்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல்களை வாங்கிப் புது வீடுகளுக்கு வைத்தவர். 'எலிப்பொறிக் கட்டு' என்ற சுவர் முறையையும் அவர் பரப்பினார். இதில் செங்கல்லைப் படுக்க வைக்காமல், பக்கவாட்டில் நிமிர்த்தி இரு வரிசையாக வைப்பார்கள். 9 அங்குலச் சுவரின் நடுவே 3 அங்குலம் வெற்றிடம் விழும். செங்கல் நான்கில் ஒரு பங்கு மிச்சம், கலவையும் குறையும். உள்ளே நிற்கும் காற்று வெயிலைத் தடுப்பதால் பூச்சு இல்லாமலே வீடு குளிர்ச்சியாக இருக்கும். மூலைகள், நிலையின் இருபுறம், அஸ்திவாரம் ஆகியவற்றைக் கெட்டியாகவே கட்ட வேண்டும்.

பழைய செங்கல்லில் சுண்ணாம்புக் கலவையில் இருந்ததையே வாங்குங்கள், தட்டினால் உதிர்ந்துவிடும். சிமெண்ட் ஒட்டிய கல் சுத்தம் செய்வதற்குள் உடைந்துவிடும். இரண்டைத் தட்டிப் பார்த்தால் கணீரென்று ஒலிக்க வேண்டும். உப்புப் பூத்த கல் வேண்டாம். ஒரே அளவுள்ள முழுக் கற்களைச் சுவருக்கு ஒதுக்கி, உடைந்தவற்றைத் தரைக்குப் போடலாம்.

இப்பகுதியில் அதிகம் ஏமாற்றுவது பேக்கிங் பலகைதான். வெளிநாட்டுச் சரக்கு வந்த பெட்டிகளில் கதிர் போன்ற முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் வெப்பத்தில் பதப்படுத்திய மரம். பரண், அலமாரிக்கு எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை ஏற்றியது, வீட்டுக்குள் வேண்டாம். எண்ணெய்க் கறை படிந்ததும் வேண்டாம். எச்.டி. மரமும் கரையானுக்குத் தப்பாது. ஆகவே மண்ணில் ஊன்றக்கூடாது. கூரையைத் தாங்கவும் நம்பக்கூடாது.

ரசாயனம் வந்த பீப்பாயில் குடிநீரோ விதைநெல்லோ வைக்கவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறிய மருந்து போகாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடும் ஆகாது; அறுக்கும்போது பறக்கும் நுண்ணிய நார் நுரையீரலைக் கெடுக்கும்.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கனஅடி நீர் திறக்கப்பட்டது நினைவிருக்கும். உங்கள் நிலத்தில் அவ்வாண்டு வெள்ளம் நின்ற மட்டத்தைப் பெரியவர்களிடம் கேட்டு, அதற்கு மேல் ஓரடியாவது உயர்த்தித் தரைமட்டம் அமையுங்கள்.

வெளிச்சத்துக்குச் சூரிய மின்தகடு போதும். 9 வாட் பல்பு நான்கு 5 மணி நேரமும், 28 வாட் மின்விசிறி ஒன்று 10 மணி நேரமும் ஓடினால் நாளொன்றுக்கு 460 வாட்-மணி ஆகிறது. 200 வாட் தகடும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரியும் இதற்குச் சரியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் விசிறியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தகட்டைப் பழையதாக வாங்கினாலும், வெயிலில் வைத்து வோல்ட், ஆம்பியர் அளந்து பார்த்து வாங்கலாம். பாட்டரியை மட்டும் புதிதாகவே, உத்தரவாதச் சீட்டுடன் வாங்குங்கள்.