உடம்புக்கு ஏற்ற உடுப்பு எங்கே?

பெண்களின் தேவைகள் என்றதும் வீடு, காணி, வேலை, பிள்ளைகளின் படிப்பு என்று வரிசையாகச் சொல்கிறோம். உடுப்பை யாரும் சொல்வதில்லை. ஆனால் வெளியே போட்டுக்கொண்டு போக ஒழுங்கான உடுப்பு இல்லாததால் வீட்டோடு முடங்கிவிடும் பெண்களை நான் என் வேலையில் அடிக்கடி காண்கிறேன். திகனயில் ஒரு சகோதரி எமது கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டார். காரணம் கேட்டேன். "பழைய சட்டை ஒன்றும் பத்தவில்லை மிஸ். எந்தக் கடைக்குப் போனாலும் 'உங்கட சைஸ் இல்லை அக்கா' என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்கிறார்கள்" என்றார்.

உடம்பு பருத்த பெண்ணைக் கண்டால் "நன்றாகச் சாப்பிடுகிறாள்" என்பது எமது சமூகத்தின் பார்வை. உண்மை அதுவல்ல. நிவாரணமாகக் கிடைத்த மாவையும் சீனியையும் பருப்பையும் நம்பி வாழ்ந்த நாட்கள், காலில் பட்ட காயத்தால் நடக்க முடியாத நிலை, தூக்கமில்லாத இரவுகள், அடுத்தடுத்த பிரசவங்கள், சில நோய்கள், சில மருந்துகள் என்று பல காரணங்கள் உண்டு. இது ஒரு சிலரின் பிரச்சினையும் அல்ல. 2015இல் இலங்கையில் நடந்த தேசிய ஆய்வின்படி, வயதுவந்த பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அதிக எடை உள்ளவர்.

இத்தனை பேர் இருந்தும் கடையில் ஏன் உடுப்பு இல்லை? வியாபாரி சீக்கிரம் விற்கும் அளவையே வாங்கி அடுக்குகிறார். பெரிய அளவுக்குத் துணி கூடுதலாக வேண்டும். அது மெதுவாக விற்றால் போட்ட பணம் முடங்கும் என்று பயப்படுகிறார். பெரிய அளவு இல்லாத கடைக்குப் பருமனான பெண் திரும்பவும் போகமாட்டாள். அதைக் கண்டு, வாங்க ஆள் இல்லை என்று வியாபாரி முடிவு செய்கிறார்.

இத்தனைக்கும் எமது நாடு ஆடை தைத்து உலகுக்கு அனுப்பும் நாடு. 1978இல் கட்டுநாயக்க வலயம் தொடங்கியது. 1992இல் கிராமங்களில் 200 ஆடைத் தொழிற்சாலைகள் அமைக்கும் திட்டம் வந்தது. திகனக்குப் பக்கத்திலுள்ள பல்லேகலயிலும் கைத்தொழில் வலயம் இருக்கிறது. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பெரிய அளவு உடுப்புகளை எமது பெண்களின் கைகளே தைக்கின்றன. ஏற்றுமதியில் மிஞ்சியவை நடைபாதைக் கடைகளுக்கு வருவதுண்டு. அவை உயரமான மேல்நாட்டுப் பெண்களுக்காக வெட்டியவை. மார்புக்குச் சரியாக இருந்தால் தோள் இறங்கும், கை விரலை மூடும்.

இந்தச் சந்தையை உலகில் முன்னோடியாகக் கண்டுபிடித்தவர் ஓர் இளம் விதவை. லித்துவேனியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன லேனா பிரையன்ட், கைக்குழந்தையுடன் கணவனை இழந்தார். காதணிகளை அடகு வைத்துத் தையல் மெஷின் வாங்கினார். 1904இல் நியூயோர்க்கில் சிறிய கடை திறந்தார். முதலில் கர்ப்பிணிகளுக்குத் தைத்தார். பிறகு அவரும் இரண்டாவது கணவரும் 4,500 பெண்களின் அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். பருமனும் ஒரே மாதிரி இல்லை, சிலருக்கு மேலுடம்பு, சிலருக்கு இடுப்பு என்று கண்டு அதற்கேற்பத் தைத்தார்கள். 'லேன் பிரையன்ட்' பெரிய நிறுவனமாக வளர்ந்தது இப்படித்தான்.

எமது தையல் வகுப்பில் யுத்தத்தால் இடம்பெயர்ந்து வந்த தமிழ்ப் பெண்களும், 2018 மார்ச் வன்செயலில் கடையை இழந்த குடும்பங்களைச் சேர்ந்த முஸ்லிம் பெண்களும் இருக்கிறார்கள். வீட்டில் மெஷின் உள்ள சகோதரிகளுக்கு நாங்கள் சொல்வது இதுதான்:

சின்ன அளவுச் சட்டையைச் சுற்றிலும் பெருப்பித்து வெட்டாதீர்கள். மார்பு, இடுப்பு, மேற்கை, முதுகின் அகலம் எல்லாவற்றையும் தனித்தனியாக அளவுங்கள். இடுப்புச் சுற்றளவை இருத்தியும் அளவுங்கள். கக்கத்தில் இறுக்கம் வந்தால் சிறிய துண்டு வைத்துத் தையுங்கள். பக்கத் தையலில் ஓர் அங்குலம் விட்டுவைத்தால் பிறகு பிரித்துப் பெருப்பிக்கலாம். 36 அங்குலத் துணியைவிட 60 அங்குல அகலத் துணியில் ஒட்டுக் குறையும். அளவை உரக்கச் சொல்லாமல் கொப்பியில் எழுதுங்கள். கூடுதலாகச் செலவான துணிக்கும் நேரத்துக்கும் கணக்குக் காட்டிக் காசு கேளுங்கள். 'மொத்தமான ஆள்' என்பதற்காக விலையைக் கூட்டாதீர்கள்.

கூட்டத்துக்கு வராதிருந்த அந்தச் சகோதரி போன்றவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உடுப்புத் தேவை. எமக்கு வருமானம் தேவை. நன்றாகப் பொருந்திய ஒரு சட்டையைப் போட்டவள் இன்னும் நான்கு பேரை எம்மிடம் அனுப்புவாள். மெலிந்த பிறகு உடுப்பு வாங்கலாம் என்று காத்திருக்கும் சகோதரிகளே, இன்றைய உடம்புக்கு இன்றே ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். அதைப் போட்டுக்கொண்டு வெளியே வாருங்கள்.