தேயிலைத் தோட்டத்திலிருந்து மியூசியத்துக்கு: ஸர் ஜார்ஜ் ஹாம்ப்ஸன்

பயிர்களுக்கு நேரும் சேதத்தில் அந்துப்பூச்சிப் புழுக்களுக்குள்ள பங்கினைக் கள ஊழியர்கள் நன்கறிவர். பூச்சியின் பெயர் உறுதிப்படாதவரை அதன் வாழ்க்கை வரலாற்றையோ, தடுப்பு முறைகளையோ நூல்களில் தேடிக் காண்பது அரிது. இந்திய அந்துப்பூச்சிகளை ஒருங்கே வகைப்படுத்தி, பெயர் கண்டறியும் வழியுடன் நான்கு தொகுதிகளாக வழங்கியவர், தொழில்முறை விஞ்ஞானியாகத் தம் வாழ்வைத் தொடங்கியவரல்லர். நீலகிரிக்குத் தேயிலை பயிரிட வந்த ஆங்கிலேயர் அவர்.

ஜார்ஜ் பிரான்ஸிஸ் ஹாம்ப்ஸன் 1860ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் பிறந்தார். சார்ட்டர்ஹவுஸ் பள்ளியிலும், ஆக்ஸ்போர்டு எக்ஸிட்டர் கல்லூரியிலும் பயின்றபின் சென்னை மாகாணத்துக்கு வந்து தோட்டத் தொழிலில் ஈடுபட்டார். பூச்சிகளின்பால் அவருக்கு நாட்டம் பிறந்தது இங்கேதான்.

அதற்கு நீலகிரியினும் ஏற்ற இடம் வேறில்லை எனலாம். மேட்டுப்பாளையத்துச் சமவெளியிலிருந்து 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா வரை சில மணி நேரப் பயணத்தில் வறண்ட புதர்க்காடு, ஈரக்காடு, சோலை, புல்வெளி என யாவும் அடுத்தடுத்து வருகின்றன. மேற்குச் சரிவு தென்மேற்குப் பருவமழையில் நனையும்போது கிழக்குச் சரிவு மழைகுன்றிக் கிடக்கும். ஆகவே ஒரு மாதிரியைப் பிடித்த இடமும் உயரமும் குறிக்கப்படாவிட்டால் ‘நீலகிரி’ என்னும் பெயர் மட்டும் சீட்டில் இருந்து பெரிதும் பயனில்லை. பெங்களூரைச் சார்ந்த பொம்மனஹள்ளியும் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குள்ள பள்ளியில் விளக்கொளிக்கு வரும் பூச்சிகளைச் சேகரிக்கும் ஆசிரியருக்கும் இவ்விதி பொருந்தும்.

நீலகிரி மாவட்டத்து வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிய ஹாம்ப்ஸனின் கட்டுரை 1888இல் வங்காள ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. தாயகம் திரும்பியபின் அவர் லண்டன் மியூசியத்தில் ஊதியமின்றிப் பணிபுரிந்தார். நீலகிரி அந்துப்பூச்சிகளைப் பற்றிய நூல் 1891இலும், இலங்கை அந்துப்பூச்சிகளைப் பற்றிய நூல் 1893இலும் வெளியாயின. ‘பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினங்கள்’ என்னும் வரிசையில் அவருடைய நான்கு தொகுதிகளும் 1892 முதல் 1896க்குள் முடிவுற்றன. இவ்வளவு பரந்த பணிக்கு இது வியக்கத்தக்க வேகமேயாகும்.

அவர் கையாண்ட முறையைச் சிறிது விளக்குதல் தகும். அந்துப்பூச்சியின் நிறம் செதில்களில் உள்ளது. கை பட்டாலே அவை உதிர்ந்துவிடும். ஒரே இனத்தினுள்ளும் நிறம் வேறுபடலாம். செதிலின் கீழுள்ள நரம்பமைப்போ எளிதில் மாறாதது. ஹாம்ப்ஸன் நரம்புகளுக்கு எண்ணிட்டு, அவை எங்கே கிளைக்கின்றன என்பதைக் கொண்டு குடும்பங்களைப் பிரித்தார். சான்றாக, நாக்டுயிட் குடும்பத்தில் பின் சிறகின் 5ஆம் நரம்பு வலுத்துள்ளதா, மெலிந்துள்ளதா என்பதே ஒரு முக்கியப் பிரிவினை. சிறகின்மீது ஒரு துளி சாராயம் விட்டால் அது உலரும்வரை நரம்புகள் தெளிவாகத் தெரியும். வகுப்பறையில் இதனை எளிதாகக் காட்டலாம்.

இம்முறைக்குக் குறையும் உண்டு. நரம்பிலும் சிறகுக் கோலத்திலும் ஒத்திருக்கும் இனங்களை இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பினால் பிரித்தறியலாம் என்பது அவர் காலத்திலேயே, குறிப்பாக இங்கிலாந்தில் பியர்ஸ் 1909இல் வெளியிட்ட நூலால், வலியுறுத்தப்பட்டது. ஹாம்ப்ஸன் தம் பழைய வழியினின்று பெரிதும் விலகவில்லை. பின்வந்தோர் அவர் வகுத்த பிரிவுகள் பலவற்றை மாற்றியமைக்க நேர்ந்தது. ஆயினும் மாற்றுவதற்கேனும் ஓர் ஒழுங்கான அடிப்படை வேண்டுமன்றோ!

1895இல் மியூசியத்தில் அவருக்கு உதவியாளர் பதவி கிடைத்தது. மறு ஆண்டு குடும்பப் பட்டமான ‘ஸர்’ அவரை வந்தடைந்தது. உலக அந்துப்பூச்சிகளின் பெரும்பட்டியலை 1898 முதல் 1920 வரை எழுதி வெளியிட்டபோதும் அது முழுமை பெறவில்லை. 1936 அக்டோபர் 15இல் அவர் காலமானார்.

எல்வெஸ், எட்வர்ட்ஸ் என்னும் இருவர் 1897இல் தென்னிந்தியாவைச் சேர்ந்த பழுப்புநிறத் தாவி வண்ணத்துப்பூச்சி ஒன்றுக்கு ‘ஹாம்ப்ஸோனி’ என்று பெயரிட்டனர். மேற்குத் தொடர்ச்சி மலையில், ஈரமிக்க புற்களினூடே தாழப் பறக்கும் சிறு பூச்சி அது.