ஜெயிச்சவன் வேற, சாம்பியன் வேற

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்விதான் கேட்டிருந்தீங்க. ஆஃப்ரோடு பைக் ரேஸ்ல வருஷக் கடைசியில கொடுக்குற சாம்பியன் பட்டம் யாருக்குப் போகுது? அதிக ரேஸ் ஜெயிச்சவனுக்குத்தானே?

இல்லை. பல சமயம் அவனுக்குப் போறதே இல்லை. அது ஏன்னுதான் இன்னைக்குப் பேசப் போறோம்.

நம்ம மதுரைக்காரங்களுக்கு இது கொஞ்சம் புதுசாத் தெரியும். நமக்குப் பழக்கமான பரிசு எது? ஜல்லிக்கட்டுப் பரிசு. பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர். அன்னைக்கு யார் அதிகக் காளை பிடிச்சாரோ அவருக்கு அன்னைக்குச் சாயங்காலமே கார் சாவி. கணக்கு அங்கேயே முடிஞ்சிடும். மூணு ஊர் எண்ணிக்கையையும் கூட்டி, 'இவர்தான் சீசன் சாம்பியன்'னு யாரும் சொல்றதில்லை.

மோட்டார் ரேஸ்ல வழக்கம் வேற. வருஷம் முழுக்க நாலு, அஞ்சு ரவுண்டு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஊர்ல. ஒவ்வொரு ரவுண்டுலயும் வந்த இடத்துக்கு ஏத்த மாதிரி புள்ளி. கடைசியில எல்லாத்தையும் கூட்டி, யாருக்கு அதிகமோ அவங்களுக்குப் பட்டம்.

ஒரு நிஜக் கணக்கு பார்ப்போம். 2019ல பெங்களூரு ரைடர் ஐஸ்வர்யா பிஸ்ஸே, எஃப்ஐஎம் பாஜா உலகக் கோப்பையில பெண்கள் பிரிவுப் பட்டத்தை ஜெயிச்சாங்க. பாஜாங்கிறது பாலைவனம், மண் ரோடு, கல்லு மேடுன்னு ஓடுற ரேலி. அவங்க துபாய்ல முதலிடம், 25 புள்ளி. போர்ச்சுகல்ல மூணாவது, 16. ஸ்பெயின்ல அஞ்சாவது, 11. ஹங்கேரியில நாலாவது, 13. கூட்டினா 65. ரெண்டாவது வந்த போர்ச்சுகல் ரைடர் ரீட்டா வியேராவுக்கு 61. வித்தியாசம் வெறும் நாலு.

கவனிச்சீங்களா? நாலு ரவுண்டுல ஒண்ணுதான் ஜெயிச்சாங்க. மீதி மூணுல போய் நின்னு, விழாம முடிச்சு, கிடைச்ச புள்ளியை வாங்கிட்டு வந்தாங்க. அதுக்கு முந்தின வருஷம் இதே ஸ்பெயின் ரேலியில விழுந்து கணையத்துல பயங்கர அடி. அந்த ஊருக்கே திரும்பப் போய் எடுத்த 11 புள்ளி அது. அந்த ஒரு ரவுண்டுக்கு மட்டும் 'வேணாம்'னு இருந்திருந்தா 54தான், பட்டம் போயிருக்கும். (அவங்களுக்குப் பின்னால நின்ன டீம் டிவிஎஸ் ரேசிங். நம்ம ஊர்ல டி.வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் விட ஆரம்பிச்ச அந்த டிவிஎஸ் பரம்பரைதான். சும்மா ஒரு பெருமைக்குச் சொன்னேன்.)

ஆக, வருஷக் கடைசிப் பரிசு வேகத்தை மட்டும் அளக்குறதில்லை. எத்தனை ரவுண்டுக்கு உன்னால போய் நிக்க முடிஞ்சதுன்னும் சேர்த்துத்தான் அளக்குது. கம்பெனி டீம் ரைடருக்கு இது பிரச்சினையே இல்லை. பைக்கை லாரியில ஏத்துறது, மெக்கானிக், ரூம் எல்லாம் டீம் பார்த்துக்கும். சொந்தக் காசுல ஓட்டுற பையனுக்கு?

என் காலேஜ் தோழன் ஒருத்தன் ஆரப்பாளையம் பக்கம் டூவீலர் பட்டறை வெச்சிருக்கான். ஞாயித்துக்கிழமை ஆனா வாடிப்பட்டி பக்கம் தண்ணி வத்துன கண்மாய்க்குள்ள பிராக்டிஸ். பாதி நேரம் ஓட்டுவான், பாதி நேரம் சீமைக்கருவேல முள் ஏறின டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவான். ஒரு வருஷம் அஞ்சு ரவுண்டு தொடர் ஒண்ணுல, நோவிஸ் கிளாஸ்ல பேர் கொடுத்தான். லைசென்ஸ், டாக்டர் சர்டிஃபிகேட், பூட்ஸ், நெக் பிரேஸ், இதுக்கே சேமிப்பு முடிஞ்சது. கோயம்புத்தூர்னா குட்டியானையில பைக்கை ஏத்திட்டுப் போயிடலாம், 200 கிலோமீட்டர் சொச்சம். புனேன்னா 1,200க்கு மேல.

முதல் ரவுண்டு ஜெயிச்சான், 25. ரெண்டாவதுல ரெண்டாமிடம், 20. மூணாவது ரவுண்டு அன்னைக்கு அவன் அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் காது குத்தணும், மாமன் ரேஸுக்குப் போயிட்டான்னு சொல்ல முடியுமா? போகலை. நாலாவது மறுபடி ஜெயிச்சான், 25. அஞ்சாவது ரொம்ப தூரம், கையில காசில்லை. மொத்தம் 70.

சாம்பியன் ஆன பையன் ஒரு ரவுண்டுகூட ஜெயிக்கலை. நாலு தடவை மூணாவது, ஒரு தடவை ரெண்டாவது. 64 கூட்டல் 20, மொத்தம் 84. அவனைக் குறை சொல்ல ஒண்ணுமில்லை, அஞ்சு ஊருக்கும் போயிருக்கான், அஞ்சுலயும் மேடை ஏறியிருக்கான்.

இப்போ இதே கணக்குல ஒரு வரி கோடை மாத்துவோம். எல்லா ரவுண்டையும் கூட்டாம, சிறந்த மூணை மட்டும் எடு. நம்ம ஆளுக்கு அதே 70. அந்தப் பையனுக்கு 20, 16, 16, மொத்தம் 52. பட்டம் கை மாறிடுச்சு! ரோட்டுல எதுவுமே மாறலை, விதிதான் மாறிச்சு.

இது நம்ம இன்ஜினியரிங் காலேஜ் இன்டர்னல்ஸ்ல 'பெஸ்ட் டூ' எடுக்குற மாதிரிதான். ஃபார்முலா ஒன்லயே இது இருந்தது. 1988ல அலேன் ப்ரோஸ்ட் எடுத்த மொத்தப் புள்ளி 105, அயர்டன் சென்னா 94. ஆனா சிறந்த 11 ரேஸ்தான் கணக்குன்னு அப்போ விதி. அதுபடி சென்னா 90, ப்ரோஸ்ட் 87. உலக சாம்பியன் சென்னா.

அப்போ அமெச்சூர் தொடர்ல எல்லாரும் இதையே வெச்சுக்கலாமேன்னு தோணும். நடத்துறவங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. கடைசி ரவுண்டு கணக்குல வராதுன்னா பாதிப் பேர் வர மாட்டாங்க, காலி டிராக்குக்கு எந்த ஸ்பான்சர் காசு கொடுப்பான்? இன்னொரு ஓட்டையும் உண்டு. அஞ்சுக்கும் போறவனுக்குச் சிறந்த மூணைப் பொறுக்க அஞ்சு வாய்ப்பு, மூணுக்கு மட்டும் போறவனுக்கு மூணே வாய்ப்பு. காசு அப்பவும் பேசும், கொஞ்சம் மெதுவாப் பேசும். என்னைக் கேட்டா அஞ்சுல நாலு எடுக்கலாம். ஒரு காதுகுத்தைத் தாங்குற அளவுக்காவது விதி இருக்கணும்.

யாரோட யாரை ஓட விடுறோம்கிறது அடுத்த விஷயம். நம்ம தேசிய சூப்பர்கிராஸ்ல 'பிரைவேட் எக்ஸ்பர்ட்'னு ஒரு கிளாஸ் பார்த்திருப்பீங்க, கம்பெனி டீம்ல இல்லாதவங்களுக்கு. டக்கார் ரேலியில இது இன்னும் அழகு. மெக்கானிக், உதவியாள் யாருமே இல்லாம ஓட்டுறவங்களுக்குன்னு தனிப் பரிசு. சாமான் வைக்க ஒரு பெட்டி, அதை நடத்துறவங்களே அடுத்த கேம்புக்குக் கொண்டு வந்துடுவாங்க. ராத்திரி வந்து உன் பைக்கை நீயேதான் கழட்டி மாட்டணும். ஃபேக்டரி ரைடர் எத்தனை மணி நேரம் முன்னால போனாலும் இந்தப் பரிசுக்கு அவன் போட்டியே இல்லை.

சரி, பரிசா என்ன கொடுக்குறது? 2022ல ஹீரோ மோட்டோகார்ப் ஆரம்பிச்ச 'டர்ட் பைக்கிங் சேலஞ்ச்' அமெச்சூர் ரைடர்களைத் தேடின போட்டி. அதுல பரிசு எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக்கும் ஸ்பான்சர்ஷிப் ஒப்பந்தமும். எனக்கு இது ரொம்பச் சரியாப் படுது. ஏன்னா கோப்பை முடிஞ்சு போன வருஷத்துக்கு, ஒப்பந்தம் வரப்போற வருஷத்துக்கு. அவ்வளவு பெரிய கம்பெனி இல்லைன்னாலும் பரவாயில்லை. அடுத்த சீசன் என்ட்ரி ஃபீஸ் தள்ளுபடி, ரெண்டு செட் டயர், இது போதும்.

நம்ம பட்டறைக்காரன்கிட்ட இந்த எபிசோடுக்காகக் கேட்டேன். "கப்பு வீட்ல ரெண்டு இருக்குடா மாப்ள, அம்மா அதுல பேனா போட்டு வெச்சிருக்கு. பின் டயர் ஒண்ணு கொடுத்தாங்கன்னா அதை மாட்டிட்டு இன்னொரு ரவுண்டு போவேன்"னான்.

அக்காவுக்கு ரெண்டாவது குழந்தை பிறந்திருக்காம். காதுகுத்துக்குத் தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி ரேஸ் காலண்டரைப் பார்க்கச் சொல்லி, இப்பவே மாமாகிட்ட பேசிட்டானாம்.