கண்ணாடிக் குவளையில் வீட்டிலேயே பூவேலைப்பாடு: 'எட்சிங் கிரீம்' புட்டிக்குள் இருப்பது என்ன?

புதுடெல்லி: திருமணமோ தீபாவளியோ, பெயரும் பூக்கொடியும் பொறித்த கண்ணாடிக் குவளையைப் பரிசளிப்பது இந்திய நகரங்களில் பழகிப்போன வழக்கமாகிவிட்டது. அதனைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்து பார்ப்போரும், செய்து இணையவழியில் விற்போரும் உள்ளனர். இவர்களில் பலர் நாடுவது 'எட்சிங் கிரீம்' எனப்படும் பசையைத்தான். வடிவம் வெட்டிய ஸ்டிக்கரை ஒட்டி, பசையைத் தடவி, சில நிமிடங்களுக்குப் பின் கழுவினால், பனி படர்ந்தது போன்ற வெண்ணிற வடிவம் குவளையில் நிலைத்துவிடும். சமையலறை மேசையிலேயே முடிந்துவிடும் வேலை இது. ஆனால் கண்ணாடியையே அரிக்கும் அந்தப் பசை கையில் பட்டால் என்ன ஆகும் என்பதைப் பசையைத் தடவுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியுள்ளது.

பள்ளி ஆய்வகத்தில் கந்தக அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கண்ணாடிப் புட்டிகளில் வைக்கப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பர். அவற்றால் கண்ணாடிக்குக் கேடு இல்லை. குவளைக்கும் ஜன்னலுக்கும் பயன்படும் சாதாரணக் கண்ணாடியில் ஏறத்தாழ 70 முதல் 75 சதவீதம் சிலிக்கா. மணலில் உள்ள அதே பொருள். எஞ்சியதில் பெரும்பகுதி சோடாவும் சுண்ணாம்பும் ஆகும். சிலிக்கனும் ஆக்சிஜனும் இறுகப் பின்னியுள்ள இந்த அமைப்பை வழக்கமான அமிலங்களால் எளிதில் குலைக்க இயலாது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் மட்டுமே இதற்கு விதிவிலக்கு. அதிலுள்ள ஃபுளோரின், ஆக்சிஜனை விலக்கிவிட்டுச் சிலிக்கனுடன் தானே இணைந்துகொள்கிறது. இதனால் கண்ணாடியின் மேற்பரப்பு சிறிது சிறிதாகக் கரைந்து போகிறது. 1771-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியலாளர் கார்ல் வில்ஹெம் ஷீலே, ஃபுளோர்ஸ்பார் என்னும் கனிமத்தைக் கந்தக அமிலத்துடன் சேர்த்துச் சூடாக்கியபோது, அவர் பயன்படுத்திய கண்ணாடிக் கலமே அரிக்கப்பட்டதைக் கண்டார். எனவேதான் இந்த அமிலம் கண்ணாடியில் அல்லாமல் பிளாஸ்டிக் கலன்களில் வைக்கப்படுகிறது.

வீட்டு உபயோகத்துக்கென விற்கப்படும் பசையில் பொதுவாக இருப்பது அம்மோனியம் பைஃபுளோரைடு அல்லது சோடியம் பைஃபுளோரைடு என்னும் உப்பு. பெயர் வேறாயினும் குணம் ஒன்றே. ஈரத்தில் கரைந்தவுடன் இந்த உப்பிலிருந்து ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வெளிப்படுகிறது. தொழிற்சாலை அமிலத்தைவிட இதன் வீரியம் குறைவு என்பது உண்மையே. ஆயினும் இதனைப் பற்பசை போலவோ முகப்பூச்சு போலவோ கையாள முடியாது. 'கிரீம்' என்னும் சொல்லே ஒரு தவறான நம்பிக்கையைத் தருகிறது எனலாம்.

பசை தடவிய இடத்தில் தோன்றும் வெண்மை, நிறப்பூச்சு அன்று. அரிக்கப்பட்ட பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத மேடு பள்ளங்கள் உருவாகின்றன. அவற்றில் படும் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுவதால் அவ்விடம் வெண்மையாகத் தெரிகிறது. குவளையை நனைத்தால் வடிவம் மங்குவதும் இதனால்தான். நுண்ணிய பள்ளங்களைத் தண்ணீர் நிரப்பிவிடுகிறது, காய்ந்ததும் வடிவம் மீண்டும் தெளிவாகிறது. முதன்முறை செய்வோர் கழுவிய உடனே வடிவம் தெரியவில்லை எனப் பதறி, மீண்டும் பசையைத் தடவுவது தேவையற்றது. துடைத்துக் காயவைத்துப் பார்த்தாலே போதும்.

<b>வலி தாமதமாக வரும்</b>

பெரும்பாலான அமிலங்கள் தோலில் பட்டவுடன் சுரீரென எரியும். நாமும் கையை உதறிக் கழுவிவிடுவோம். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்திடம் இந்த எச்சரிக்கை இல்லாமல் போகலாம். வீரியம் குறைந்த கரைசல் தோலில் பட்டால் முதலில் எதுவும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, சில வேளைகளில் மறுநாள்தான் வலி தொடங்கும். அதற்குள் ஃபுளோரைடு அயனிகள் தோலைக் கடந்து உள்ளே சென்று, திசுக்களிலும் இரத்தத்திலும் உள்ள கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றுடன் பிணைந்துகொள்கின்றன. நரம்புகளும் இதயத்தசையும் சீராக இயங்கக் கால்சியம் இன்றியமையாதது. அடர் அமிலம் உடலின் பெரும்பரப்பில் பட்டால் இதயத்துடிப்பே சீர்குலைந்து உயிரிழப்பு நேரக்கூடும். வீட்டுப் பசையின் ஒரு துளியால் அந்த அளவுக்குப் போகும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் நகக்கண்ணில் புகுந்த பசையும், கண்ணில் தெறித்த பசையும் அற்பமானவை அல்ல.

தோலில் பட்டால் மோதிரம், வளையல், நனைந்த உடை ஆகியவற்றை அகற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டாலும் இமைகளை விரித்துப் பிடித்து அவ்வாறே கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வலி இல்லை என்பதற்காகக் காத்திருத்தல் கூடாது. மருத்துவரிடம் 'அமிலம் பட்டுவிட்டது' என்று மட்டும் கூறாமல் 'ஃபுளோரைடு உள்ள பசை' எனக் குறிப்பிட்டு, புட்டியையும் உடன் கொண்டுசென்று காட்டுவது அவசியம். ஏனெனில் இதற்கான சிகிச்சை வேறு: 2.5 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவப்படும். அந்தக் கால்சியம், திசுக்களுக்குப் பதிலாகத் தானே ஃபுளோரைடுடன் பிணைந்துகொள்ளும். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்து ஆலோசனை பெறலாம்.

வாங்கும்போதே கவனிக்க வேண்டியதும் உண்டு. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகளின்படி, பொட்டலமிட்டு விற்கப்படும் பொருளில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை முதலியன இருக்க வேண்டும். பசையில் கலந்துள்ள வேதிப்பொருளின் பெயரும் புட்டியில் இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். எதுவும் எழுதப்படாத புட்டியில் யாரேனும் 'கண்ணாடி ஆசிட்' என்று கொடுத்தால், அது எவ்வளவு வீரியமுடையது என்பதை அறிய வாங்குபவருக்கு வழியே இல்லை. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதனை வீட்டுக்குள் கொண்டுவராதிருப்பதே நல்லது.

<b>அமிலமின்றியும் செய்யலாம்</b>

கண்ணாடியில் வடிவம் பொறிக்க அமிலம் கட்டாயமில்லை. கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் கண்ணாடி 5-க்கும் 6-க்கும் இடையில் நிற்கிறது, வைரம் 10. ஆகவே வைரமுனை கண்ணாடியை எளிதில் கீறும். 17-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த பெண் கவிஞர் அன்னா ரூமர்ஸ் விஸ்ஸர், வைரமுனையைக் கையில் பிடித்தே மதுக்கிண்ணங்களில் பூக்களையும் பூச்சிகளையும் எழுத்துகளையும் பொறித்துள்ளார்.

நம் நாட்டிலும் இதற்கு நெருங்கிய தொழில் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் ஆக்ராவுக்கு அருகேயுள்ள ஃபிரோசாபாத், கண்ணாடி வளையலுக்குப் பெயர்பெற்ற நகரம். உலையிலிருந்து வரும் வளையல் அப்படியே கடைக்குப் போவதில்லை. அதனைச் சமன்செய்து, முனைகளை இணைத்து, பின்னர் சுழலும் சக்கரத்தில் பிடித்துப் பட்டைகளும் கோடுகளும் வெட்டுகின்றனர். இந்த வெட்டுவேலையை அங்கே 'கட்டாயி' என்கின்றனர். இணைப்பு போன்ற வேலைகளில் கணிசமான பகுதி வீடுகளிலேயே நடைபெறுகிறது. அங்கே கண்ணாடிவேலை பொழுதுபோக்கு அன்று, அன்றாடக் கூலி.

இன்று வீட்டில் செய்வோருக்கு, வைரத்தூள் பூசிய முனை பொருத்திய சிறிய சுழல்கருவி, அதாவது கடைகளில் 'மினி டிரில்' எனக் கேட்டால் தருவது, போதுமானது. வடிவத்தைக் காகிதத்தில் வரைந்து, குவளையின் உட்புறம் தெரியும்படி ஒட்டிவிட்டு, வெளிப்புறத்தில் அதன்மேல் தொடர்ந்து வர வேண்டும். அழுத்தக் கூடாது, எழுதும் பேனாவைவிட மெல்லப் பிடித்து, ஒரே கோட்டை இரண்டு மூன்று முறை தொடுவதே முறை. அழுத்தினால் முனை வழுக்கும், ஓரம் சிதறும். நேர்கோட்டைவிட வளைகோடே முதலில் எளிதாக வரும் என்பதால், இலைக்கொடியில் தொடங்குவது நலம். பெயர் எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பசையில் கிடைக்கும் சீரான வெண்மை இதில் கிடைக்காது. கைத்தடம் தெரியும்; அதுவே இதன் அழகு என்போரும் உண்டு.

இதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. கண்ணாடித் தூள் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கேடு. பாதுகாப்புக் கண்ணாடியும் என்-95 முகக்கவசமும் வேண்டும். பொறிக்கும் இடத்தை ஈரமான ஸ்பாஞ்சால் அவ்வப்போது நனைத்துக்கொண்டால் தூள் பறக்காது, கண்ணாடியும் சூடாகாது. மின்சாரத்தில் இயங்கும் கருவியைத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் வைத்து வேலை செய்யக் கூடாது. முடிந்தபின் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சும் 'சாண்ட் பிளாஸ்டிங்' முறையோ வீட்டுக்கு உரியதே அல்ல. சிலிக்காத் தூளைத் தொடர்ந்து சுவாசித்தால் சிலிகோசிஸ் என்னும் தீராத நுரையீரல் நோய் வரும்.

எல்லாக் கண்ணாடியும் இவ்வேலைக்கு ஏற்றதன்று. 'டஃபன்டு' எனக் குறிக்கப்பட்ட கடினக் கண்ணாடியின் மேற்பரப்பு அழுத்தத்தில் இறுகியிருக்கும். ஆழமாகக் கீறினால் முழுக் குவளையும் நொறுங்கிவிடக்கூடும். பளபளக்கும் கிரிஸ்டல் கோப்பைகளில் ஈயம் கலந்திருக்கலாம். ஐரோப்பிய விதிகளின்படி 'ஈயக் கிரிஸ்டல்' எனப் பெயரிட 24 சதவீத ஈய ஆக்சைடு இருக்க வேண்டும். அத்தகைய கோப்பையை அறுத்தால் பறக்கும் தூளிலும் ஈயம் இருக்கும். எந்த முறையானாலும் வடிவம் வெளிப்புறத்தில், உதடு படும் விளிம்புக்குக் கீழே இருத்தல் வேண்டும்.

பசையைத்தான் பயன்படுத்துவது என முடிவு செய்தோர், ஓட்டையில்லாத நைட்ரைல் கையுறை அணிந்து, ஜன்னலைத் திறந்துவைத்து, குழந்தைகள் உறங்கும் நேரத்தில் அல்லாமல் அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் செய்வது உசிதம். குவளையைக் கழுவும் இடத்திலும் கவனம் தேவை. பீங்கான் தொட்டியின் பளபளப்பான மேல்பூச்சும் ஒருவகைக் கண்ணாடியே என்பதால், பசை அங்கே தங்கினால் அதுவும் மங்கிவிடும். தண்ணீரைத் தாராளமாகத் திறந்துவிட்டு ஸ்டீல் தொட்டியில் கழுவலாம். செய்முறைக் காணொலியைப் பார்ப்பதற்காக அருகில் வைத்திருக்கும் கைப்பேசியையும் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். அதன் திரையும் கண்ணாடிதான்.