களனி வெள்ளமும் ஒரு பெருக்கல் பிழையும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கி 600க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த பின்னர், "நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம்" என்ற பேச்சு எங்கும் அடிபடுகிறது. கேட்பவருக்கு அதில் ஓர் ஆறுதல் உண்டு: வரவேண்டியது வந்துபோய்விட்டது, இனிமேல் பேரப்பிள்ளைகள் பாடு. பொறியியலாளர் சொல்வது அதுவல்ல. எந்த ஒரு வருடத்திலும் அந்த வெள்ளம் வர 1 சதவீத வாய்ப்பு உண்டு என்கிறார் அவர். போன வருடம் வந்துவிட்டது என்பதற்காக இந்த வருடம் சலுகை இல்லை. 30 வருடக் கடனில் வீடு வாங்குபவருக்கு, கடன் முடிவதற்குள் அந்த வெள்ளத்தைக் காண 26 சதவீத வாய்ப்பு. கொழும்பில் 1992 ஜூன் 4ஆம் திகதி ஒரே நாளில் ஏறத்தாழ 494 மி.மீ. மழை கொட்டியது. 2010 நவம்பரில் மறுபடியும் 440 மி.மீ. அளவில் கொட்டியது. இடைவெளி வெறும் 18 வருடம். காற்று 1 பாகை சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும் என்பதால், பழைய மழைப் பதிவேட்டை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு இனி ஆபத்தைக் குறைத்தே காட்டும். கொழும்பு கடலுக்குள் மூழ்கிக் கிடப்பதாக அவ்வப்போது பரவும் நீல வரைபடங்களை நான் பொருட்படுத்துவதில்லை. கடல் மெதுவாக ஏறுகிறது. மழை ஒரே இரவில் வந்துவிடுகிறது.

கொழும்புக்கு வெள்ளம் இரண்டு வழியில் வரும். மலைநாட்டில் பெய்த மழை களனி கங்கையில் இறங்கி வருவது ஒன்று. 2016 மே மாதம் கொலன்னாவையை மூழ்கடித்தது அதுதான். நகரத்தின் தலைமேலேயே கொட்டுவது மற்றது. 2010இல் பாராளுமன்றத்தைச் சூழ்ந்த நீர் அந்த வகை. நகரத்து மழைநீர் வெளியேற வாசல்கள் சிலவே: வடக்கே கிராண்ட்பாஸ் நாகலகம் வீதிப் பக்கம் களனி கங்கை, கொட்டாஞ்சேனைக்கு அப்பால் முகத்துவாரத்துச் சுரங்க வாய்க்கால், மேற்கே கடலில் விழும் வெள்ளவத்தை, தெஹிவளை வாய்க்கால்கள். களனி உயர்ந்தால், ஆற்றுநீர் நகருக்குள் புகாமல் வடக்கு வாசலின் கதவை அடைத்தாக வேண்டும். அடைத்த கணத்திலேயே நகரத்து மழைக்கு ஒரு வாசல் போய்விடும். கடல் கொந்தளித்தால் அலை கொண்டுவரும் மணல் வெள்ளவத்தை வாய்க்காலின் வாயையும் ஒடுக்கும். நிலமோ சரிவே இல்லாத தாழ்நிலம். ஆற்றைத் தடுக்கும் அணை மழையைச் சிறைவைக்கிறது. இந்த நகரத்தின் வெள்ளத்தில் என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான்.

களனிப் பெருவெள்ளத்துக்கு வாய்ப்பு நூற்றில் ஒன்று, நகரத்தில் பேய்மழைக்கு நூற்றில் ஒன்று என்றால், இரண்டும் ஒரே வருடத்தில் வருவது பத்தாயிரத்தில் ஒன்று என்று பெருக்கத் தோன்றும். வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கும் அண்ணன் தம்பி இருவரை எண்ணிப் பாருங்கள். தனித்தனியாக இருவரும் வேலை இழக்கும் வாய்ப்பு குறைவு. இருவரும் சேர்ந்து இழப்பது அரிதிலும் அரிது. ஆனால் இருவருக்கும் புறக்கோட்டையில் ஒரே முதலாளியின் கடையில் வேலை என்றால்? கடை சாத்தினால் இரண்டு சம்பளமும் ஒன்றாகப் போகும். சீட்டுப் பணமும் அந்த முதலாளியிடம்தான். அவசரத்துக்குக் கைமாற்றுக் கேட்கலாம் என்று நம்பியிருந்த மச்சானும் அதே கடைக்குச் சாமான் போடுகிறவர். பெரும்புயல் இந்த முதலாளியைப் போன்றது. மலைமழை, நகர்மழை, கடற்கொந்தளிப்பு, மண்சரிவில் மூடும் வீதி, அறுந்த மின்கம்பி எல்லாம் அதன் ஒரே சம்பளப் பட்டியலில் இருக்கின்றன. எல்லா மழையும் இப்படி வருவதில்லை என்பது உண்மை. தென்மேல் பருவமழை மலைச்சரிவில் கொட்டும்போது கொழும்பு காய்ந்திருக்கலாம். எனவே சரியான விடை நூற்றில் ஒன்றுக்கும் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பேரிடர்த் திட்டம் போடுபவர் பத்தாயிரத்தை நம்பிவிடக் கூடாது.

வரலாற்றில் நீண்டநேரம் நிற்கத் தேவையில்லை. ஒல்லாந்தர் வாய்க்கால் வெட்டினர், பிரித்தானியர் களனிக்கு அணை கட்டினர். நாகலகம் வீதி அளவுகோலில் ஆற்றுமட்டம் 9 அடியைத் தாண்டினால் ஆபத்தான வெள்ளம் என்பார்கள். 1947 ஆகஸ்டில் அது 12 அடியையும் தாண்டியது.

அணையை இன்னும் உயர்த்தலாமே, பம்பு வைக்கலாமே என்று கேட்பார்கள். இரண்டும் வேண்டும்தான். ஆனால் அணை உயர உயர அதை நம்பி அடிவாரத்தில் குடியேறுவோர் பெருகுவர். உடைந்தால் இழப்பும் பெரிது. பம்போ தன் வேகத்துக்கு மேல் ஒரு சொட்டும் இறைக்காது, மின்சாரம் போனால் அதுவுமில்லை. கதவு அடைபட்டிருக்கும் அந்தச் சில மணிநேரம் நீரைத் தேக்கிவைக்க இடம் வேண்டும். அந்த இடம் கொழும்பில் ஏற்கனவே இருக்கிறது: பத்தரமுல்லை, கோட்டே, கொலன்னாவைப் பக்கத்துச் சதுப்பு நிலங்கள். கடன்பட்ட நாடு, இவ்வளவு விலைபோகும் காணியைத் தண்ணீருக்கு விடலாமா என்ற கேள்வி நியாயமானது. 2015இல் உலக வங்கி ஆய்வாளர்கள் அதற்கு விடை தேடினர். வருங்கால மழை இவ்வளவுதான் என்று ஊகிக்காமல், பலவித எதிர்காலங்களை வைத்துச் சோதித்தார்கள். சதுப்பு நிலம் முழுவதையும் இழந்தால், பெருநகரக் கொழும்பின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 1 சதவீதம் வருடந்தோறும் வெள்ளத்தில் போகும் என்று கண்டார்கள். மழை கூடுமா குறையுமா என்று காலநிலை மாதிரிகள் ஒத்துப்போகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சதுப்பைக் காப்பது, எது நடந்தாலும் வருந்தவைக்காத முடிவு. 2018இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது, ஆனால் சான்றிதழில் நீர் தேங்காது. எஞ்சியிருக்கும் சதுப்பில் இனி ஒரு டிப்பர் மண்கூட விழக் கூடாது. உங்கள் வட்டாரத்தில் விழுவதைக் கண்டால் மாநகர சபை உறுப்பினரிடம் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள்.