மன்னார்ச் செலவிற்கு உகந்த பருவம் யாது?

திருக்குறளிற் காலமறிதல் 49-ஆம் அதிகாரமாகவும் இடனறிதல் 50-ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. தொல்காப்பியரும் நிலம், பொழுது என்னும் இரண்டினையுமே முதற்பொருளெனக் கொண்டார். ஒன்றைவிட்டு மற்றொன்றை அறிதல் நிரம்பிய அறிவாகாது என்பது இவற்றாற் பெறப்படும். ஓரிடத்தைக் காணப் புறப்படுவோர்க்கும் இஃது ஒக்கும். மன்னாருக்குச் செல்ல விரும்புவோர் பலரும் “எந்த மாதம் நல்லது?” என வினவுவர். அவ்வினாவிற்கு விடை காணுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெய்தல் நிலத்துக்கு ஆறு பெரும்பொழுதும் உரியன என நம்பியகப்பொருள் கூறும். மன்னார்க் கரையைப் பொறுத்தவரை அக்கூற்று முற்றும் பொருந்துவதே. ஆயின், ஆறு பொழுதிலும் ஒரே கரை அங்கு இருப்பதில்லை. காற்று மாறுந்தோறும் கடலும் கழியும் மக்கள் தொழிலும் மாறுகின்றன. ஆதலின் மாதத்தை அறியுமுன் காற்றை அறிதல் வேண்டும்.

மன்னார்த் தீவு வடமேற்கு நோக்கி நீண்டு கிடக்கும் மணற்றீவு. அதன் வடபால் பாக்குக் கடலும் தென்பால் மன்னார் வளைகுடாவும் உள்ளன. தலைமன்னாருக்கு அப்பால் இராமர் அணை எனப்படும் மணற்றிட்டுக்கள் இராமேசுவரத் தீவை நோக்கிச் செல்கின்றன. கிழக்கே ஒரு தாம்போதி தீவைப் பெருநிலத்தோடு இணைக்கின்றது. இத்தீவை ஆள்வன இரு காற்றுக்கள். ஒன்று வடகீழ்த் திசையிலிருந்து வரும் வாடை. மற்றொன்று தென்மேற்கிலிருந்து வரும் சோளகம். ‘மொன்சூன்’ என்னும் ஐரோப்பியச் சொல் ‘மவுசிம்’ என்னும் அரபுச் சொல்லினின்று பிறந்தது. அதன் பொருள் பருவம் என்பதே. காற்றையும் பருவத்தையும் ஒன்றெனக் கண்ட அம்மாலுமிகளின் கலங்கள் இக்காற்றுக்களின் துணைகொண்டே மேலைக் கடலினின்று மாதோட்டத் துறையை அடைந்தன.

மன்னாரில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீற்றர் மழையே பெய்கின்றது. இது கொழும்பிற் பெய்வதன் பாதியிலுங் குறைவு. அதிலும் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள காலத்திலேயே பெய்துவிடும. வங்காள விரிகுடாவிற் றோன்றும் புயல்கள் வரும் காலமும் இதுவே. 1964-ஆம் ஆண்டு டிசெம்பர் இறுதியில் வீசிய புயல் தனுக்கோடியை அழித்தது. 1914-ஆம் ஆண்டு தொடக்கம் தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே நடைபெற்றுவந்த கப்பற் போக்குவரத்து அதனோடு அத்துறையை இழந்தது. 2020-ஆம் ஆண்டு டிசெம்பரில் திருகோணமலைக் கரையைக் கடந்த புரெவிப் புயலும் மன்னார் வளைகுடாவினூடாகவே சென்றது. எனவே ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் உழவர் விரும்பும் மாதங்களாயினும் வழிச்செல்வோர்க்கு உரியனவல்ல.

மே தொடக்கம் செப்டெம்பர் வரை சோளகம் வீசும். இக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேலைச் சரிவுகளிற் பொழிந்துவிடுகின்றது. மன்னாரிலோ கரையையொட்டி வறண்டு விரைகின்றது. மணல் பறக்கும்; கழிகள் வற்றி வெடிக்கும்; கிணற்று நீர் உவர்ப்பேறும். ஆயினும் இக்காலமும் பயனற்றதன்று. உப்பு விளைவது இவ்வெயிலினாலேயே. மடுத் திருப்பதியின் ஆவணிப் பெருவிழா ஆகஸ்ட் 15-ஆம் நாளில் நடைபெறுவதும், காட்டுவெளியில் யாத்திரிகர் பாளையமிட்டுத் தங்குவதும் இவ்வறட்சியினால் எளிதாகின்றன. 2020 டிசெம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட தம்பபவனிக் காற்றாலையின் 30 சுழலிகள் தென்கரையில் நிற்பதற்கும் இக்காற்றின் வலிமையே காரணம்.

மீனவர் இவ்விரு காற்றுக்கும் ஏற்பத் தம் தொழிலை வகுத்துக்கொண்டனர். சோளகத்தில் தென்கடல் கொந்தளிக்கும்போது பேசாலை முதலிய வடகரைத் துறைகள் அமைதியாயிருக்கும். வாடையில் வடகடல் கலங்கும்போது தாழ்வுபாடு முதலிய தென்கரைத் துறைகள் தொழிலுக்கு இடமாகும். ‘நல்ல காலம்’ என்பது தீவு முழுமைக்கும் பொதுவன்று. கரைதோறும் வேறுபடும் என்பதை அவர்கள் ஏட்டிற் படியாது அறிந்துள்ளனர்.

இனி, இரு காற்றுக்கும் இடைப்பட்ட காலத்தைக் கருதுவோம். வாடை தணிந்து சோளகம் எழாத மாசி, பங்குனி மாதங்களிற் கடல் தெளிந்து அடங்கிக் கிடக்கும். முத்துக்குளிப்போர் தேர்ந்த பருவம் இதுவே. சிலாவத்துறை, அரிப்பு, மரிச்சுக்கட்டிக் கரைகளில் அக்காலத்திற் பல்லாயிரவர் கூடினர். நள்ளிரவில் நிலக்காற்றோடு தோணிகள் முத்துப்பார்களை நோக்கிப் புறப்படும். பிற்பகலிற் கடற்காற்றோடு கரை திரும்பும். கல்லைக் காலிற் பிணித்து ஆழத்தில் இறங்குவோனுக்குத் தெளிந்த நீரும் அசையாத தோணியும் உயிர்நாடி. அப்பருவத்தின் பெருமையை அறிந்தே ஆளுநர் நோர்த், குளிப்பை மேற்பார்வையிடும் பொருட்டு அரிப்புக் கரையில் மாளிகை எடுப்பித்தார். அஃது இன்று கடலரிப்பால் இடிபாடாயிற்று. முத்துப்பார்களும் 1906-இல் ஆங்கிலக் கம்பெனியொன்றுக்குக் குத்தகையாக விடப்பட்டுச் சில ஆண்டுகளுள் வளங்குன்றின. பருவம் ஆண்டுதோறும் தவறாது வந்தது, சிப்பி வரவில்லை. இயற்கை தரும் நற்பொழுதை மட்டும் நம்பி அதன் முதலைக் காவாதொழிந்தால் விளைவது இதுவே.

அதே மாதங்களிற் பிறிதொரு செல்வத்தை இன்றும் காணலாம். மாரியில் நிரம்பிய ஆழமற்ற கழிகள் அப்போது முழுதும் வற்றியிரா. பூநாரைகளும், வட ஆசிய நாடுகளினின்று குளிருக்கஞ்சி வந்த வாத்தினங்களும், கரையோரச் சிறு பறவைகளும் தாம்போதியை அடுத்த கழிகளிலும் வங்காலையிலும் இரை தேரும். 2008-இற் சரணாலயமாக்கப்பட்ட வங்காலை, 2010-இல் ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. அங்கு 20,000-க்கு மேற்பட்ட நீர்ப்பறவைகள் தங்குவதுண்டு. ஏப்ரிலுக்குப் பின் செல்வோர் அவற்றுட் பெரும்பாலானவற்றைக் காணார். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தில் மாசிச் சிவராத்திரியன்று அடியார்கள் பாலாவித் தீர்த்தத்தைத் தம் கையால் முகந்து சிவலிங்கத்துக்கு ஆட்டுவதும் இப்பருவத்திலேயே.

ஆகவே, ஒரே முறை செல்லக் கூடியவர் பெப்ரவரி நடுப்பகுதி தொடக்கம் மார்ச்சு முடிவிற்குள் செல்லுதல் நன்று. பறவைகளையே கருதுவோர் தை மாதத்திற் செல்லலாம். காற்றின் ஆற்றலையும் உப்பு விளைவையும் கற்க விரும்பும் மாணவர் ஆடியிற் செல்லுதலே தகும். அவர் குடிநீரை உடன்கொண்டு செல்லல் வேண்டும். கழியுள் வாகனஞ் செலுத்துதலும் பறவைகளை எழுப்பி விரட்டுதலும் எக்காலத்தும் ஆகா. நெடுந்தொலை பறக்கவேண்டிய உயிர்கள் ஊன் பெருக்கிக்கொள்ளும் நேரம் அது. காற்றாலைகளை மேலும் பெருக்குவதை எதிர்த்து 2025-இல் மன்னார் மக்கள் குரலெழுப்பியபோது, பறவைகளின் வழியும் நீரின் ஓட்டமும் அவர்தம் கவலைகளுள் இடம்பெற்றன.

நமக்கு உகந்த பருவத்தை நாம் தேர்ந்துகொள்ளலாம். அங்கு வாழும் மீனவர்க்கும் உப்பளத் தொழிலாளர்க்கும் உழவர்க்கும் அத்தெரிவு இல்லை. எல்லாப் பருவமும் அவர்களுடையனவே. நல்ல மாதத்திற் சென்று மீள்வோர், ஏனைய மாதங்களையும் அக்கரை மக்கள் எங்ஙனம் கடத்துகின்றனர் என்று கேட்டறிந்து வருவாராயின், அவர் சென்ற செலவு கல்வியாகும்.