காளான் என்ற பெயரில் ஒரு புற்று

மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் என்னும் நோய்ப்பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'காளான் போன்ற பூஞ்சை நோய்' என்றாகும். பூஞ்சைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. 1806இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் அலிபேர் கண்டவை காளான்போல் எழுந்த கட்டிகள், தோற்றமே பெயராயிற்று. உண்மையில் இது டி-வகை வெள்ளணுக்கள் தோலில் பெருகும் அரிய நிணநீர்ப் புற்று, தொற்றாது. தொடக்கத்தில் கரப்பானையும் சொரியாசிசையும் ஒத்திருப்பதால், தோல்துணுக்கைப் பலமுறை எடுத்து ஆராய்ந்த பின்னரே, சிலருக்கு ஆண்டுகள் கழித்தே, உறுதியாகிறது. தொடக்க நிலையில் ஸ்டீராய்டு களிம்பும் புறஊதா ஒளியும் பலருக்குப் பயன்தரும். கட்டிகளுக்குக் கதிர்வீச்சு உண்டு. பழம்பெயரை அப்படியே தமிழாக்கினால், நோயாளி பூஞ்சைக் களிம்பு தேடுவார். வீட்டார் ஒட்டிக்கொள்ளுமென்று விலகுவர். 'தோல்படர் நிணநீர்ப்புற்று' என்பதையே நாம் முன்வைக்கிறோம். சற்று நீளந்தான்.